ஃபைலைத் திறந்ததும் மெனு வர வேண்டுமா? மேக்ரோவைக் கடைசியில் வையுங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: 26 ஷீட் உள்ள ஒரு எக்செல் ஃபைல். யார் திறந்தாலும் முதலில் ஒரு மெனு தெரிய வேண்டும், அதில் ஒன்றைக் கிளிக் செய்தால் அந்த ஷீட்டுக்குப் போக வேண்டும். வீடியோ பார்த்து மேக்ரோ, அதாவது எக்செல் தானே செய்வதற்காக எழுதிவைக்கும் கட்டளைகள், எழுதினீர்கள். உங்கள் கணினியில் ஓடுகிறது, மெயிலில் வாங்கியவர்களிடம் ஓடவில்லை. போதாததற்கு, இரண்டு ஷீட்டுக்குப் பெயர் மாற்றியதும் அவற்றின் லிங்குகள் படுத்துவிட்டன.

இதில் மூன்று கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மெனுவை எப்படிச் செய்வது, ஃபைல் எப்போதும் மெனுவிலேயே திறக்க என்ன வழி, அடுத்தவர் கணினியில் அது உடையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும். வீடியோக்கள் மூன்றுக்கும் சேர்த்து ஒரே மேக்ரோவைக் கையில் கொடுத்துவிடுகின்றன. முதல் கேள்விக்கு மேக்ரோ வேண்டவே வேண்டாம். இரண்டாவதற்குப் பெரும்பாலும் வேண்டாம். மூன்றாவதில் சிக்கலே மேக்ரோதான். பதினைந்து வருடங்களாக, மற்றவர்கள் பயன்படுத்துவதற்கென்றே எக்செல் ஃபைல்கள் செய்து கொடுத்துவருகிறேன். மேக்ரோ எனக்குப் பிடிக்கும். ஆனாலும் மெனுவை அதன் தலையில் நிறுத்துவதை விட்டுப் பல காலம் ஆகிறது. எந்த வெர்ஷன் என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் விண்டோஸ் எக்செல் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மேக் எக்செல்லில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு. ஃபங்ஷன் (எக்செல்லில் தயாராக இருக்கும் சூத்திரம்) பெயர்களை இங்கே தமிழில் ஒலிக்கிறபடி எழுதுகிறேன். எக்செல்லில் அதற்குரிய ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்ய வேண்டும்.

முதலில், எக்செல் எந்த ஷீட்டில் திறக்கும் என்பது. இது பலருக்குத் தெரியாது, ஆனால் சந்தேகமே இல்லாத விஷயம்: கடைசியாகச் சேவ் செய்தபோது எந்த ஷீட் முன்னால் இருந்ததோ, அதில்தான் திறக்கும். ஆக, மெனு ஷீட்டில் நின்றுகொண்டு சேவ் செய்து அனுப்பினால், வாங்கியவருக்கு மெனுதான் முதலில் தெரியும். மேக்ரோ இல்லை, எச்சரிக்கை இல்லை. நீங்கள் செய்து கொடுக்க, மற்றவர்கள் பார்க்க மட்டும் செய்கிற ஃபைல் என்றால் இரண்டாவது கேள்வி இத்தோடு முடிந்தது. பத்துப் பேர் திறந்து, எழுதி, அவரவர் நின்ற இடத்தில் சேவ் செய்யும் ஃபைல் என்றால் முடியாது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது மெனு. ஒரு புது ஷீட் சேர்த்து, அதை இழுத்து எல்லாவற்றுக்கும் இடப்பக்கம் வைத்து, முகப்பு என்று பெயர் கொடுங்கள். லிங்க் போட இரண்டு வழி உண்டு. ஒன்று, செல்லில் நின்று கண்ட்ரோல், கே இரண்டையும் அழுத்துவது. திறக்கும் பெட்டியில் இடப்பக்கம் நான்கு தேர்வுகள் இருக்கும். இந்த ஃபைலுக்குள்ளேயே ஓர் இடம் என்று பொருள்படும் இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். அவசரத்தில் முதலாவதை எடுத்து, உங்கள் டிஸ்க்கில் இருக்கும் அதே ஃபைலைக் காட்டிவிட்டால், உங்களிடம் அருமையாக வேலை செய்யும். அடுத்தவர் கணினியில் அந்த ஃபோல்டரே இருக்காது. ‘என்னிடம் வேலை செய்கிறது, அவரிடம் செய்யவில்லை’ என்று என்னிடம் வந்த லிங்க் புகார்களில் கணிசமானவை இந்த வகைதான்.

இரண்டாவது வழி ஹைப்பர்லிங்க் என்ற ஃபங்ஷன். எனக்கு இதுதான் இஷ்டம். அதற்கு இரண்டு பகுதிகள்: எங்கே போக வேண்டும், செல்லில் என்ன எழுத்து தெரிய வேண்டும். முதல் பகுதியை இரட்டை மேற்கோளுக்குள் எழுதும்போது ஹேஷ் (#) குறியில் தொடங்குங்கள். பிறகு ஒற்றை மேற்கோளுக்குள் ஷீட்டின் பெயர், அதை ஒட்டி ஓர் ஆச்சரியக்குறி, கடைசியில் செல் முகவரி. அந்த ஹேஷ் தான் ‘இதே ஃபைலுக்குள் தேடு’ என்று எக்செல்லுக்குச் சொல்கிறது. அது விட்டுப்போனால் அந்தப் பெயரில் வெளியே ஒரு ஃபைல் இருப்பதாக நினைத்துத் தேடி, திறக்க முடியவில்லை என்று கைவிரித்துவிடும். ஒற்றை மேற்கோள், ஷீட் பெயரில் இடைவெளி இருந்தால் கட்டாயம். இல்லாவிட்டாலும் போட்டு வைத்தால் தப்பில்லை. நான் எப்போதும் போட்டுவிடுவேன், யோசிக்கிற வேலை மிச்சம்.

பெயர் மாற்றினால் லிங்க் ஏன் படுக்கிறது? சாதாரண ஃபார்முலாவில் ஒரு ஷீட்டைக் குறிப்பிட்டால், பெயர் மாறும்போது எக்செல் தானே திருத்திக்கொள்ளும். ஆனால் லிங்க்கில் இருப்பது வெறும் எழுத்து. மேற்கோளுக்குள் ‘விற்பனை’ என்று நீங்கள் எழுதியது ஒரு சொல், அவ்வளவுதான். அது ஒரு ஷீட்டின் பெயர் என்று எக்செல்லுக்குத் தெரியாது. கண்ட்ரோல், கே வழியில் போட்டதும் இதே கதிதான். வரிசைகளைச் செருகினாலும் இதே தொல்லை: நீங்கள் காட்டியது ஐம்பதாவது வரிசை என்றால், அதற்கு மேலே பத்து வரிசை சேர்த்த பிறகும் லிங்க் பழைய ஐம்பதிலேயே போய் நிற்கும்.

இதற்கு நல்ல மருந்து, செல்லுக்குப் பெயர் வைப்பது. விற்பனை ஷீட்டில் நீங்கள் போய் நிற்க வேண்டிய செல்லைத் தேர்ந்தெடுங்கள். ஃபார்முலா பாருக்கு இடப்பக்கம், செல் முகவரி தெரிகிற சின்னப் பெட்டிக்குள் கிளிக் செய்து, இடைவெளி இல்லாமல் ஒரு பெயரை எழுதி என்டர் தட்டுங்கள். என்டர் முக்கியம், வெளியே கிளிக் செய்தால் பெயர் பதியாது. அப்புறம் ஹைப்பர்லிங்க் ஃபங்ஷனில் ஹேஷுக்குப் பிறகு இந்தப் பெயரை மட்டும் எழுதினால் போதும். ஷீட் பெயரும் வேண்டாம், ஆச்சரியக்குறியும் வேண்டாம். இனி ஷீட்டின் பெயரை மாற்றுங்கள், இடம் மாற்றுங்கள், மேலே நூறு வரிசை செருகுங்கள், லிங்க் சரியான செல்லைப் பிடித்துக்கொண்டே இருக்கும். 26 ஷீட்டுக்கு 26 பெயர் வைப்பது அரை மணி நேர வேலை. அந்தச் சலிப்பு பிடிக்காதவர்கள் வேறொரு வித்தை செய்வார்கள்: செல் என்ற ஃபங்ஷனிடம் முகவரியைக் கேட்டு, அதன் முன்னால் ஹேஷை ஒட்டி, ஹைப்பர்லிங்க்குக்குள் போட்டுவிடுவார்கள். அதில் ஷீட்டை, வெறும் எழுத்தாக இல்லாமல், சாதாரண ஃபார்முலாவில் போலவே குறிப்பிடுவதால் பெயர் மாற்றத்தைத் தாங்கும். வேலை செய்யும்தான். ஆனால் ஆறு மாதம் கழித்து அதைத் திறந்து பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது. பெயர் வைத்த லிங்க்கைப் பார்த்தாலே விளங்கும்.

திரும்பி வர வழி வேண்டுமல்லவா. ஒவ்வொரு ஷீட்டிலும் ஒரே இடத்தில், முதல் வரிசையின் முதல் செல்லில், முகப்புக்கு ஒரு லிங்க் இருக்கட்டும். அந்த வரிசையை ஃப்ரீஸ் செய்து நகராமல் நிறுத்திவிட்டால் எவ்வளவு கீழே போனாலும் கண்ணில் படும். லிங்க்கை 26 ஷீட்டிலும் தனித்தனியாகப் போட வேண்டியதில்லை. முகப்பைத் தவிர மற்ற ஷீட்களை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, அதாவது கீழே ஷீட் பெயர்கள் தெரியும் டேபுகளில் முகப்புக்கு அடுத்ததைக் கிளிக் செய்து, ஷிஃப்ட்டை அழுத்தியபடி கடைசி டேபைக் கிளிக் செய்து, ஃபங்ஷனை ஒரு தரம் எழுதினால் எல்லாவற்றிலும் விழும். நான் கண்ட்ரோல், கே-யைவிட ஃபங்ஷனை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் கவனம். அந்தச் செல்லில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் அதையும் எல்லா ஷீட்டிலும் சேர்த்தே அழித்துவிடும், எனவே முதல் வரிசை காலியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் முகப்பு டேபைக் கிளிக் செய்து கூட்டத்தைக் கலைத்துவிடுங்கள். நான் ஒருமுறை கலைக்க மறந்து, ஒரு ஷீட்டில் நாலு எண்களைத் திருத்தினேன். திருத்தம் பன்னிரண்டு ஷீட்டிலும் விழுந்தது. மறுநாள் கூட்டுத்தொகை இடித்தபோதுதான் தெரிந்தது. அன்று முழுக்கப் பழைய பிரதியோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மெனுவை அழகாக்கச் சிலர் வட்டமும் கட்டமுமாக ஷேப் வரைந்து அதில் லிங்க் போடுவார்கள். ஷேப்புக்கும் கண்ட்ரோல், கே வேலை செய்யும், பார்க்கவும் பட்டன் மாதிரி இருக்கும். எனக்கு இஷ்டமில்லை, ஆனால் இது ருசி சம்பந்தப்பட்டது. யாராவது ஒரு காலத்தை (நெடுவரிசையை) அகலப்படுத்தினால் ஷேப் நகரும் அல்லது இழுபடும் (அதற்கும் ஒரு செட்டிங் உண்டு, யாரும் மாற்றுவதில்லை), ஷேப்பில் ஃபங்ஷன் போட முடியாது, புது ஷீட் சேரும்போது மறுபடி உட்கார்ந்து வரிசைப்படுத்த வேண்டும். செல்லுக்கே நிறம் கொடுத்து, வரிசையைச் சற்று உயரமாக்கி, வியூ பகுதியில் கிரிட் கோடுகளையும் தலைப்பு எழுத்துகளையும் அணைத்துவிட்டால், அதுவே மெனு மாதிரிதான் இருக்கும். லிங்க் உள்ள செல்லைத் திருத்தலாம் என்று கிளிக் செய்தவுடன் அது உங்களை வேறு ஷீட்டுக்குக் கொண்டுபோய்விடும். மவுஸை அழுத்திப் பிடித்தபடி, கர்சர் கை வடிவத்திலிருந்து கூட்டல் குறியாக மாறும் வரை விடாமல் இருங்கள்.

யாரும் கேட்காத, ஆனால் மெனு பயன்படுமா பயன்படாதா என்பதைத் தீர்மானிக்கிற விஷயம் அதில் என்ன எழுதுகிறோம் என்பது. ஷீட் பெயர்களை அப்படியே வரிசையாக அடுக்கினால், கீழே இருக்கும் டேபுகளை மேலே தூக்கி வைத்ததாகத்தான் ஆகும். ஓர் அலுவலகத்துக்குச் செய்து கொடுத்த ஃபைலில் ‘சுருக்கம் 1’, ‘சுருக்கம் 2’, ‘தரவு இறுதி’ என்று ஷீட் பெயர்களையே மெனுவாக்கியிருந்தேன். இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஒருவர்கூட மெனுவைத் தொடவில்லை. எது என்னவென்று எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. மாற்றி எழுதினேன்: ‘இன்றைய வரவைப் பதிய’, ‘இந்த மாத நிலுவை பார்க்க’, ‘மேலாளருக்கு அச்சிட’. வந்தவர் எதற்காகத் திறந்தாரோ அந்தச் சொல் கண்ணில் பட வேண்டும். உங்கள் 26 ஷீட்டில் எத்தனையை மற்றவர்கள் உண்மையில் திறக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பத்தைத் தாண்டாது என்பது என் ஊகம், தப்பாகவும் இருக்கலாம். தினமும் தொடுவதை மேலே பெரிதாக, மாதம் ஒருமுறை தொடுவதை அடுத்த கட்டத்தில், கணக்குப் போட மட்டும் இருக்கிற துணை ஷீட்களை மெனுவிலேயே சேர்க்காமல் விட்டுவிடுங்கள். பக்கத்துக் காலத்தில் ‘யார் நிரப்ப வேண்டும்’ என்று ஒரு வரி எழுதினால் இன்னும் நல்லது.

சரி, மேக்ரோ. பத்துப் பேர் திறந்து மூடும் ஃபைலில் எப்போதும் முகப்பே முன்னால் வர வேண்டும் என்றால் அதற்கு மேக்ரோ தேவைதான். ஆல்ட், எஃப் 11 அழுத்தி மேக்ரோ எழுதும் எடிட்டரைத் திறந்து, இடப்பக்கப் பட்டியலில் திஸ் வொர்க்புக் என்பதை இரட்டைக் கிளிக் செய்து, வொர்க்புக் ஓபன் என்ற நிகழ்வுக்குள் (ஃபைல் திறக்கும்போது தானே ஓடும் பகுதி) ஒரே ஒரு வரி எழுதினால் போதும்: முகப்பு ஷீட்டை ஆக்டிவேட் செய். ஷீட்டை டேபில் தெரிகிற பெயரால் அழைக்காமல் கோட்நேமால் அழையுங்கள். எடிட்டர் பட்டியலில் ஒவ்வொரு ஷீட்டுக்கும் இரண்டு பெயர் தெரியும்; அடைப்புக்குறிக்குள் இருப்பது டேப் பெயர், வெளியே இருப்பது கோட்நேம். டேப் பெயரை யார் மாற்றினாலும் கோட்நேம் மாறாது. வீடியோவில் பார்த்த மேக்ரோவை நீங்கள் திஸ் வொர்க்புக்கில் அல்லாமல் சாதாரண மாட்யூலில் (எடிட்டரில் மேக்ரோ எழுதும் தனிப் பக்கம்) எழுதியிருந்தால், அது ஆட்டோ ஓபன் என்ற பழைய வழியாக இருக்கலாம். கையால் திறந்தால் அதுவும் ஓடும். ஆனால் வேறொரு மேக்ரோ இந்த ஃபைலைத் திறந்தால் ஆட்டோ ஓபன் ஓடாது, வொர்க்புக் ஓபன் ஓடும்.

இனி, உங்களிடம் ஓடி அவர்களிடம் ஏன் ஓடவில்லை என்பது. திறந்ததும் தானே ஓடும் மேக்ரோ பழைய சங்கதி. 1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற பழைய கணக்கு ஷீட் மென்பொருளிலேயே, பின்சாய்கோடும் பூஜ்யமும் சேர்ந்த பெயரை ஒரு மேக்ரோவுக்கு வைத்தால் ஃபைல் திறந்ததும் அது ஓடத் தொடங்கும். மெனு போடத்தான் பலர் அதைப் பயன்படுத்தினார்கள். அதே வசதியைத்தான் 1996-ல் லாரூ என்ற எக்செல் வைரஸ் பிடித்துக்கொண்டது. ஆட்டோ ஓபன் வழியாக உள்ளே வந்து, திறக்கிற மற்ற ஃபைல்களிலும் தொற்றியது. அன்றிலிருந்து மைக்ரோசாஃப்ட் இந்தக் கதவைப் படிப்படியாக இறுக்கிவருகிறது. எக்செல் 2007-லிருந்து சாதாரண எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைலில் மேக்ரோ தங்கவே தங்காது, எக்ஸ்எல்எஸ்எம் என்று சேவ் செய்ய வேண்டும். 2022-லிருந்து, இணையம் அல்லது மெயில் வழியாக வந்ததாக விண்டோஸ் முத்திரை குத்திய ஃபைலில் மேக்ரோ இயல்பாகவே தடுக்கப்படுகிறது. முன்பெல்லாம் மஞ்சள் பட்டையில் ஓர் அனுமதி பட்டன் இருக்கும், இப்போது சிவப்புப் பட்டை வருகிறது, அதில் அந்தப் பட்டன் கிடையாது. உங்கள் கணினியில் நீங்களே உருவாக்கிய ஃபைலுக்கு அந்த முத்திரை இல்லை, அதனால் ஓடுகிறது. நீங்கள் விவரித்த அறிகுறிக்கு இது மிகப் பொருத்தமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்துத் திரையைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். சிவப்புப் பட்டை வந்ததா என்று அவர்களிடம் கேளுங்கள். வந்திருந்தால், எக்செல்லை மூடி, ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் பெட்டியின் அடியில் இருக்கும் அன்பிளாக் கட்டத்தை டிக் செய்யச் சொல்லலாம். அலுவலகக் கணினிகளில் நிர்வாகம் மேக்ரோவை ஒட்டுமொத்தமாக அடைத்திருந்தால் அதுவும் பலிக்காது. உலாவியில் ஓடும் எக்செல்லிலும் மொபைலிலும் இந்த மேக்ரோ ஓடவே ஓடாது. ஆகவே மேக்ரோ ஓடாவிட்டாலும் மெனு முழுதாக வேலை செய்ய வேண்டும். ஓடினால் முகப்பு முன்னால் வரும், ஓடாவிட்டால் இருந்த இடத்தில் திறக்கும், மேலே உள்ள லிங்க்கைத் தட்டி முகப்புக்கு வந்துகொள்ளலாம். நஷ்டம் ஒரு கிளிக் மட்டுமே.

யூசர்ஃபார்ம் வைத்துத் தனி ஜன்னலாக மெனு செய்வது பற்றியும் கேட்டிருந்தீர்கள். பார்க்க மிடுக்காக இருக்கும். ஆனால் இயல்பான அமைப்பில் அந்த ஜன்னல் திறந்திருக்கும் வரை ஷீட்டில் எதையும் தொட முடியாது. மோட்லெஸ் ஆக, அதாவது ஷீட்டைத் தடுக்காத வகையில், திறந்தால் தொடலாம், ஆனால் அது எப்போதும் ஏதாவது ஓர் எண்ணை மறைத்துக்கொண்டு நிற்கும். மேக்ரோ தடைபட்டால் மெனுவே இல்லை. உங்கள் தேவைக்கு வேண்டாம் என்பேன்.

மற்ற ஷீட்களை மறைத்து, மெனு வழியாக மட்டுமே போக வைக்கலாமா என்பது அடுத்தது. மறைத்த ஷீட்டுக்கு லிங்க் போகாது. முதலில் மேக்ரோ அதை வெளியே கொண்டுவர வேண்டும். அதற்கு ஃபாலோ ஹைப்பர்லிங்க் என்ற நிகழ்வு இருக்கிறது, ஆனால் அது கண்ட்ரோல், கே வழியில் போட்ட லிங்குக்கு மட்டுமே எழும், ஹைப்பர்லிங்க் ஃபங்ஷனுக்கு எழாது. இதில் மாட்டி ஒரு மாலைப் பொழுதை நான் தொலைத்திருக்கிறேன். இன்னொன்று, மறைப்பது பூட்டுவது ஆகாது. வெரி ஹிட்டன் என்று வைத்தால் சாதாரண மெனுவில் தெரியாது, ஆனால் எடிட்டரைத் திறக்கத் தெரிந்தவருக்கு அது பத்து விநாடி வேலை. ஷிஃப்ட்டை அழுத்தியபடி எக்செல்லுக்குள்ளிருந்து ஃபைலைத் திறந்தாலே வொர்க்புக் ஓபன் ஓடாது. பிறர் பார்க்கக் கூடாத சம்பள விவரம் மாதிரி ஏதாவது இருந்தால் அதை வேறு ஃபைலில் வையுங்கள். டேபுகள் கண்ணை உறுத்துகின்றன என்பதுதான் காரணம் என்றால், ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதியில் இந்த ஃபைலுக்கு மட்டும் டேபுகளை அணைக்கலாம். லிங்குகள் எப்போதும் போல் வேலை செய்யும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். மெனு ஏதோ தனி மென்பொருள் மாதிரி தெரிய வேண்டும் என்று மேக்ரோவில் ஃபார்முலா பாரை மறைப்பவர்கள் உண்டு. டேபும் கிரிட் கோடும் அந்த ஃபைலோடு நிற்பவை. ஃபார்முலா பார் அப்படியில்லை, அது அந்தக் கணினியில் எக்செல் முழுவதற்குமான செட்டிங். உங்கள் ஃபைலைத் திறந்தவர், தன்னுடைய வேறு ஃபைல்களிலும் ஃபார்முலா பாரைக் காணாமல் திண்டாடுவார், காரணம் நீங்கள் என்றும் அவருக்குத் தெரியாது.

பின்னால் கூகுள் ஷீட்ஸுக்கு மாறும் எண்ணம் இருந்தால்: அங்கே ஒவ்வொரு ஷீட்டுக்கும் முகவரியில் ஜிஐடி என்று ஒரு எண் உண்டு, பெயர் மாறினாலும் அது மாறாது, ஹேஷுக்குப் பிறகு அதைப் போட்டால் லிங்க் உடையாது. முகப்பின் ஜிஐடி உள்ள முகவரியைப் பகிர்ந்தால் முகப்பிலேயே திறக்கும். ஆன்ஓபன் என்ற, திறந்ததும் ஓடும் ஸ்கிரிப்ட் மூலம் மேலே தனி மெனுவே சேர்க்கலாம், ஆனால் பார்க்க மட்டும் அனுமதி உள்ளவருக்கு அது ஓடாது. லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச மென்பொருளில் எஃப் 5 தட்டினால் நேவிகேட்டர் எல்லா ஷீட்டையும் பட்டியலிடும். எக்செல்லிலும், உங்கள் ஒருவருக்கு மட்டும்தான் வசதி வேண்டும் என்றால், டேபுகளுக்கு இடப்பக்கம் இருக்கும் அம்புக்குறி மேல் ரைட் கிளிக் செய்யுங்கள். எல்லா ஷீட்டின் பட்டியலும் வரும், மெனுவே வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் ஃபைலை உங்களுக்கே மெயில் அனுப்பி, வேறொரு கணினியில் இறக்கித் திறங்கள். மஞ்சளோ சிவப்போ, வருகிற பட்டையைத் தொடாமல் விட்டு, முகப்பிலிருந்து ஒவ்வொரு லிங்க்காகத் தட்டி, போய்த் திரும்பி வாருங்கள். எதாவது ஒன்று நின்றுவிட்டால், எந்தச் செல், என்ன செய்தி வந்தது என்று எழுதுங்கள், பார்க்கிறேன்.